பல்லைப் பிடித்துப் பாருங்கள்!



மாட்டுச் சந்தையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொம்பில் பூசிய வர்ணத்தையும் கழுத்தில் கட்டிய சலங்கையையும் பார்த்து நம் பெரியவர்கள் விலை பேசுவதில்லை. முதலில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, எட்டும் சேர்ந்துவிட்டதா என்று பார்த்து வயசைக் கணக்குப் போடுவார்கள். அதற்கப்புறம்தான் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது. "தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று ஒரு பழமொழி உண்டு. அதன் மறுபாதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காசு கொடுத்து வாங்குகிற மாட்டைக் கட்டாயம் பல்லைப் பிடித்துப் பார்!

அந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள்தான் நாம். ஆனால் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கப் போகும்போது என்ன செய்கிறோம்? "மச்சான், ஒரு கீறல்கூட இல்லடா, புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு!" என்று பூரித்துப்போய்ப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். இது கொம்பின் வர்ணத்தைப் பார்த்து மாடு வாங்குகிற கதை இல்லையா? கேமராவுக்கும் பல் உண்டு. அதன் பெயர் ஷட்டர் கவுண்ட். அதைப் பார்க்காமல் யாரும் பழைய கேமராவுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை இந்த ஆண்டு மலரில் உங்கள் முன் வைக்கிறேன்.

கேமரா என்பது விளையாட்டுப் பொருளா?

"போன்லயே படம் எடுக்கலாமே, கேமரா எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். பொழுதுபோக்குக்கு என்றால் போன் போதும். ஆனால் எங்கள் வாலிகண்டபுரம் பக்கத்தில் கேமரா ஒரு தொழில். முகூர்த்த மாதம் பிறந்தால் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று ஓய்வில்லை. டிப்ளமோ படித்துக்கொண்டே சனி, ஞாயிறுகளில் படம் எடுத்துப் பீஸ் கட்டுகிற நண்பர்கள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

படம் எடுக்க விஷயத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. எங்கள் ஊர் வாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் ரஞ்சன்குடிக் கோட்டை. 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்த மண்ணில்தான் மோதிக்கொண்டார்கள். சாத்தனூரில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது. அரியலூர்ப் பக்கம் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயமும் கங்கைகொண்ட சோழபுரமும் இருக்கின்றன. இவற்றை நம்மூர்ப் பையன்களே நல்ல கேமராவில் எடுத்தால் எவ்வளவு பெருமை!

ஆனால் புதுக் கேமராவின் விலை நமக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே செகண்ட் ஹேண்ட்தான் கதி. நல்ல காலமாக, பெரிய கம்பெனிகள் எல்லாம் இப்போது மிரர்லெஸ் கேமராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. ஸ்டுடியோக்காரர்களும் மாறிக்கொண்டு, தங்கள் பழைய டி.எஸ்.எல்.ஆர். பாடிகளை விற்கிறார்கள். நமக்கு வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஏனென்றால் அவை வருஷக்கணக்கில் கல்யாணம் கல்யாணமாக உழைத்த கேமராக்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் அம்மாவின் செயினை அடகு வைத்து ஒரு பாடி வாங்கினார். வெளியில் பார்த்தால் புதுசேதான். மூன்றாவது ஃபங்ஷனில் தாலி கட்டுகிற நேரத்தில் ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. மேளம் கொட்டுகிறது, அட்சதை விழுகிறது, இவர் கையில் கேமரா கல் மாதிரி இருக்கிறது. "ஒரு நிமிஷம் நில்லுங்க, மறுபடி கட்டுங்க" என்று சொல்ல முடியுமா? பேசிய பணம் போனது, ஊரில் பெயரும் போனது. அடகுக்கடையில் வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது. அந்தக் கேமராவின் வயசை வாங்கும் முன்பே ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் வேதனை.

ஷட்டர் ஏன் தேய்கிறது?

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மெல்லிய தகடுகளால் ஆனது. பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்பும், முதல் திரை விலகும், வெளிச்சம் சென்சாரில் படும், இரண்டாவது திரை வந்து மூடும். பிறகு கண்ணாடி கீழே இறங்கும். ஒரு 'கிளிக்' என்று நாம் கேட்பது இத்தனை வேலைகளின் சத்தம்.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போமா? ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் உயரம் 24 மில்லிமீட்டர். ஃப்ளாஷ் போட்டு 1/250 செகண்டில் எடுக்க முடிகிற கேமராவில், அந்த 24 மில்லிமீட்டரை ஒரு திரை 4 மில்லி செகண்டுக்குள் கடந்தாக வேண்டும். அதாவது செகண்டுக்குக் குறைந்தது 6 மீட்டர், மணிக்கு 21 கிலோமீட்டருக்கு மேல்! நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நம் கட்டைவிரல் அகலத்துக்குள் அந்த வேகத்தை எடுத்து, உடனே மோதி நிற்கவும் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் இதே கூத்துதான்.

கம்பியை ஒரு தடவை வளைத்தால் உடையாது. முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் படக்கென்று உடையும். நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் வருகிற 'ஃபடீக்' இதுதானே! ஷட்டரின் ஸ்பிரிங், லீவர், தகடு எல்லாவற்றுக்கும் அதே விதிதான். அதனால்தான் கம்பெனிகள் இத்தனை ஆயிரம் தடவை இயக்கிச் சோதித்தோம் என்று ஒரு கணக்குச் சொல்கின்றன. நிக்கான் டி 90, கேனான் 6டி ஆகியவற்றுக்கு 1 லட்சம். நிக்கான் டி 7000, டி 750, கேனான் 5டி மார்க் 3 ஆகியவற்றுக்கு 1.5 லட்சம். நிக்கான் டி 810, டி 850-க்கு 2 லட்சம். பத்திரிகைக்காரர்கள் தூக்கிக்கொண்டு அலைகிற நிக்கான் டி 5, கேனான் 1டி எக்ஸ் போன்றவற்றுக்கு 4 லட்சம்.

இதை மருந்துச் சீட்டில் போடுகிற காலாவதித் தேதி மாதிரி நினைத்துவிடாதீர்கள். 1.5 லட்சம் என்றால் அடுத்த கிளிக்கில் உடைந்துவிடும் என்று அர்த்தமில்லை. அதைத் தாண்டி ஓடுகிற கேமராவும் உண்டு, பாதியில் படுத்துவிடுகிற கேமராவும் உண்டு. ஆனால் நாற்பது வயசுக்காரரும் எண்பது வயசுக்காரரும் ஒரே மாதிரி சட்டை போட்டிருக்கிறார்கள் என்பதற்காக இருவர் தலையிலும் ஒரே எடை மூட்டையை ஏற்றுவோமா?

எண்ணை எப்படிப் பார்ப்பது?

விற்பவர் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். "வீட்டு யூஸ்தான் தம்பி, ரெண்டு டூர் போனதோட சரி" என்பது எல்லாச் சந்தையிலும் கேட்கிற வசனம்.

சிலர் படத்தின் ஃபைல் நம்பரைக் காட்டி "பாருங்க, நாலாயிரம்தான் ஆகியிருக்கு" என்பார்கள். ஏமாறாதீர்கள்! அந்த நம்பர் 9999 வரை போய் மறுபடி 0001-க்குத் திரும்பிவிடும். எத்தனை தடவை திரும்பியது என்பது அதில் தெரியாது. மெனுவிலேயே அதை முதலில் இருந்து தொடங்கவும் வைக்கலாம்.

சரியான வழி இது. உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டு போங்கள். அந்தக் கேமராவில் போட்டு உங்கள் கண் முன்னால் ஒரு ஜேபெக் படம் எடுங்கள். அதை லேப்டாப்பில் ஏற்றி எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால், படத்துக்குள் கேமரா எழுதி வைத்த விவரங்கள் எல்லாம் வரிசையாக வரும். நிக்கானிலும் பென்டாக்ஸிலும் பெரும்பாலும் 'ஷட்டர் கவுண்ட்' என்று தனி வரியே இருக்கும். சோனியின் பல மாடல்களிலும் கிடைக்கும். கேனானில் பெரும்பாலான மாடல்கள் இதைப் படத்துக்குள் எழுதுவதில்லை. யு.எஸ்.பி. கேபிளில் கேமராவை இணைத்து, அதற்கென்று உள்ள மென்பொருளில் படிக்க வேண்டும், அல்லது சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டும். 1டி எக்ஸ் மாதிரியான உயர்ந்த மாடல்கள் மெனுவிலேயே காட்டிவிடும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தை வைத்துக்கொண்டு இதைத் தேடாதீர்கள். அது படத்தைச் சுருக்கும்போது இந்த விவரங்களை எல்லாம் உதிர்த்துவிடும். தூரத்து ஊர்க்காரர் என்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கூடவே படத்துக்குள் இருக்கிற சீரியல் நம்பரும் பாடியின் அடியில் இருக்கிற நம்பரும் பில்லில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். மூன்றும் பொருந்தவில்லையானால் நைசாக எழுந்து வந்துவிடுங்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது நீங்கள்தான்.

மலிவு எது? விலை உயர்ந்தது எது?

ஒரே மாடலில் இரண்டு பாடி விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் கணக்கு 1.5 லட்சம். முதல் பாடி 40,000 கிளிக் ஓடியது, விலை 30,000 ரூபாய். இரண்டாவது பாடி 1,30,000 கிளிக் ஓடியது, விலை 22,000 ரூபாய். நம்மில் பத்துப் பேரில் எட்டுப் பேர் இரண்டாவதைத்தான் தூக்குவோம். "எட்டாயிரம் மிச்சம்டா!"

கணக்குப் போடுங்கள். முதல் பாடியில் மிச்சம் 1,10,000 கிளிக். ஒரு கிளிக்குக்கு 27 பைசா. இரண்டாவதில் மிச்சம் 20,000 கிளிக். ஒரு கிளிக்குக்கு 1 ரூபாய் 10 பைசா. மலிவு என்று நினைத்தது நாலு மடங்கு விலை! ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் என்று வைத்தாலும் முதல் பாடி 55 கல்யாணம் தாங்கும், இரண்டாவது பத்துக் கல்யாணம்தான். அடகு வட்டியைப் பத்துக் கல்யாணத்தில் கட்டி முடிக்க முடியுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதிகம் ஓடிய பாடியை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த மாடலுக்குப் புது ஷட்டர் போட என்ன ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அந்தத் தொகையைக் கழித்து விலை பேசுங்கள். அவ்வளவுதான்.

எண் மட்டும் போதுமா?

போதாது! இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. நிக்கான் கம்பெனி 2012-ல் டி 600 என்ற கேமராவைக் கொண்டுவந்தது. புதுசாக வாங்கி சில ஆயிரம் படம்கூட எடுக்காதவர்களின் படங்களில் புள்ளி புள்ளியாகக் கறை விழுந்தது. வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. வெறும் வானத்தை வரிசையாகப் படம் எடுத்து, கறை எப்படிக் கூடிக்கொண்டே போகிறது என்று ஆதாரத்தோடு காட்டினார்கள். 2013 அக்டோபரில் புது ஷட்டரோடு டி 610 வந்தது. 2014-ல் டி 600-க்கு வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரையும் மாற்றித் தருகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. அடுத்து வந்த டி 750-லும் குறிப்பிட்ட காலத்தில் தயாரான பாடிகளில் ஷட்டர் கோளாறால் படத்தின் ஒரு பகுதி இருண்டுபோனது. 2015-ல் அதற்கும் இலவசப் பழுது பார்ப்பை அறிவித்தார்கள்.

இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? எண் குறைவாக இருந்தும் கெட்ட ஷட்டர் இருக்கலாம். பழைய டி 600 கிடைத்தால் "ஷட்டர் மாற்றிய சர்வீஸ் பில் இருக்கா?" என்று கேட்க வேண்டும். இன்னொன்றும் தெரிகிறது. சோதித்து ஆதாரம் காட்டுகிறவனுக்குப் பெரிய கம்பெனியும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆகவே எண்ணோடு இந்தச் சோதனைகளையும் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரே மாதிரி வெள்ளையடித்த சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். டியூப் லைட், எல்.இ.டி. வெளிச்சத்தில் செய்யாதீர்கள். அவற்றின் துடிப்பே படத்தில் பட்டை பட்டையாக விழுந்து உங்களைக் குழப்பும். மேனுவல் மோடில் லென்ஸ் துளை எஃப் 11 என்று வைத்து, 1/250 செகண்டுக்கு ஐ.எஸ்.ஓ. 100, 1/1000-க்கு 400, 1/4000-க்கு 1600 என்று மூன்று படம் எடுங்கள். சுவர் ரொம்ப வெளுத்தாலும் இருண்டாலும் துளையை மாற்றி, மூன்றையும் அதே துளையில் எடுங்கள். மூன்றும் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். 1/4000-ல் மட்டும் படத்தின் மேலோ கீழோ ஓரம் இருண்டால் ஒரு திரை பின்தங்குகிறது, ஷட்டர் களைத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு எஃப் 16-ல் வானத்தை எடுத்து, தூசியும் எண்ணெய்க் கறையும் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் உள்ள நம் பக்கத்தில் தூசிக்குக் கேட்கவா வேண்டும்! கடைசியாக, தொடர்ச்சியாக ஐம்பது படம் எடுங்கள். சத்தம் ஒரே தாளத்தில் இருக்க வேண்டும். நடுவில் திணறினாலோ திரையில் எர்ரர் என்று வந்தாலோ வேண்டாம். கேனானில் எர்ரர் 30 என்றால் ஷட்டர் கோளாறு என்றே பொருள். ஷட்டர் தகடுகளைக் கண்ணால் பாருங்கள், விரலால் மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். யூடியூபுக்கு வீடியோ எடுத்தவரின் கேமராவில் கிளிக் குறைவாகத்தான் இருக்கும். வீடியோவில் ஷட்டர் திறந்தே இருக்கும், ஆனால் சென்சார் மணிக்கணக்கில் சூடாகி உழைத்திருக்கும். பத்து வருஷமாக பீரோவில் தூங்கிய கேமராவின் எண்ணும் குறைவாகவே இருக்கும். லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சர்வீஸில் போர்டு மாற்றியிருந்தால் எண் புதிதாகத் தொடங்கியிருக்கவும் கூடும். எண்ணும் சோதனையும் ஒன்றுக்கொன்று சாட்சி. ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கேட்பது அநாகரிகமா?

"தெரிஞ்சவர்கிட்டப் போய் இதெல்லாம் எப்படிடா கேக்கறது? தப்பா நினைப்பாரே!" இந்தக் கூச்சம்தான் நம்மைக் கெடுக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி, சில விதிவிலக்குகள் தவிர, பொருளின் தரத்துக்கு விற்பவர் தானாகப் பொறுப்பாவதில்லை. வாங்குகிறவன்தான் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, சும்மா வாயை மூடிக்கொண்டிருப்பது பொதுவாக மோசடி ஆகாது. ஆனால் கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொன்னால் அது மோசடி!

பார்த்தீர்களா வித்தியாசத்தை? நாம் கேட்காவிட்டால் அவர் மௌனம் அவரைக் காப்பாற்றும். நாம் கேட்டுவிட்டால் அவர் பதில் அவரைக் கட்டும். ஆகவே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். "அண்ணே, ஷட்டர் கவுண்ட் எவ்வளவுண்ணே? எப்பவாவது ஷட்டர் மாத்தியிருக்கீங்களா?" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். நேர்மையானவர் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரிடம் நமக்கு என்ன வேலை?

நாமும் நாளைக்கு விற்பவர்கள்தான். மூன்றாம் ஆண்டு முடித்துப் போகிற அண்ணன் தன் கேமராவை முதலாம் ஆண்டுத் தம்பிக்கு விற்கும்போது எண்ணை மறைத்தால், மூன்று வருஷம் ஒன்றாகப் படித்ததற்கு என்ன மரியாதை? கேட்காமலே எண்ணைச் சொல்லி விற்பதுதான் ஆண்மையும் அழகும்.

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் மாணவர் மன்றம் கபடிப் போட்டி நடத்துகிறது, கோலப் போட்டி நடத்துகிறது, ரத்ததான முகாம் நடத்துகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கேமரா பரிசோதனை முகாமும் நடத்தினால் என்ன? பெரிய செலவில்லை. ஒரு லேப்டாப், ஒரு கார்டு ரீடர், இரண்டு மூன்று வகை யு.எஸ்.பி. கேபிள், ஒரு வெள்ளைச் சுவர், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாங்க நினைக்கிறவரும் விற்க நினைக்கிறவரும் கேமராவோடு வரட்டும். எண்ணையும் சோதனை முடிவையும் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கட்டும். மெட்ராலஜி லேபில் வெர்னியரை வைத்து ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கை அளக்கக் கற்றுக்கொண்ட நாம், அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்குகிற பொருளை அளக்காமல் வாங்கலாமா?

அளந்து பார்த்து வாங்குவது அவநம்பிக்கை அல்ல. அதுதான் நாம் படித்த படிப்பு. அடுத்த கல்வியாண்டு தொடக்கத்திலேயே முதல் முகாமை வைப்போம். லேப்டாப்பை நான் கொண்டு வருகிறேன். கேபிளும் கேமராவும் நீங்கள் கொண்டு வாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், வாலிகண்டபுரம்